முதல் அயலவன்

போன மாதம் எங்கள் தெருவில் ஒருவர் இறந்துபோனார். செய்தி கைத்தொலைபேசியில் வந்தது. அயலவர் குழுவில் ஒரு மெழுகுதிரிப் படம், அதன் கீழே பெயர், அடக்கம் நடக்கும் நேரம். நானும் கைகூப்பிய படம் ஒன்றை அனுப்பிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. செய்தி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது, யாரும் மழையில் நனையவும் இல்லை. ஆனால் நகரசபையில் என்னோடு வேலை செய்த இளையவர்கள் இரண்டு பேர் அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, முன்பு இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஜெர்மன் மொழியில் எனக்கு வேலை செய்ய வரும், சண்டை பிடிக்கவும் ஓரளவு வரும். மனதில் கிடப்பதை எடுத்துச் சொல்ல வராது. அவர்களுக்குப் பாதியைச் சொன்னேன். முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் இருபத்துநான்கு வருடம் சவக்காலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஜெர்மனியில் பீலெஃபெல்ட் நகரத்திலிருந்து பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம் போனால் ஹோல்ட்பெக் என்ற கிராமம் வரும். ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ஒரு சாப்பாட்டு விடுதி, தொண்டர் தீயணைப்புப் படையின் கட்டடம், அதற்குப் பிறகு சோளவயல். தேவாலயத்துக்குப் பின்னால் நகரசபையின் சவக்காலை. அங்கே குழி வெட்டுவதும் மூடுவதும் வேலி கத்தரிப்பதும் என் தொழில்.

ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியது, அகதி முகாமில் கிடந்தது, உணவகத்தில் கோப்பை கழுவியது எல்லாம் நம்மவர் பலருக்கும் உள்ள கதைதான். என்னுடையதில் புதினம் எதுவும் இல்லை. வேலை வாய்ப்பு அலுவலகத்தில் இருந்த பெண், வெளியில் நின்று செய்யும் தோட்ட வேலை ஒன்று இருக்கிறது, சம்மதமா என்று கேட்டாள். தோட்டக்காரன் மகன்தானே நான், உடனே ஓம் என்றேன். முதல் நாள் வாசலில் சிலுவைகளைக் கண்டபோதுதான் என்ன தோட்டம் என்று விளங்கியது. திரும்பிப் போக பஸ் இருந்தது. வீட்டில் மனைவி நாகேஸ், இரண்டாவது பிள்ளை வயிற்றில், ஏழு மாதம். உள்ளே போனேன்.

மூன்று வாரத்தில் வேலை பழகினேன். பழக்கியவர் ஹெர் ப்ரிங்க்மன், சவக்காலைக்குப் பொறுப்பாளர். ஒரு நாளைக்கு நாற்பது வசனம் பேசுவார் என்றால் அது திருவிழா நாள். நான்கு முளை அடித்து நூல் கட்டுவோம். புல்லைச் சதுரம் சதுரமாக வெட்டி, எடுத்த ஒழுங்கிலேயே நிழலில் அடுக்குவோம். இயந்திரம் பெரும்பகுதி மண்ணை எடுக்கும், மூலைகளை நான் கையால் வெட்டுவேன். பக்கங்களுக்குப் பலகை, சுற்றிவர நடைபலகை, குவித்த மண்ணின்மேல் பச்சை விரிப்பு. எல்லாம் முடிந்ததும் ஹெர் ப்ரிங்க்மன் ஏணி வைத்துக் குழிக்குள் இறங்குவார். ஒவ்வொரு குழியிலும், மழையிலும், பனியிலும், ஓய்வு பெறும் கிழமை வரையில் இறங்கினார். கீழே நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு மேலே வருவார். மேலே நின்று பார்த்தால் எல்லாம் நேராகத்தான் தெரியும், இறங்கி நின்றால்தான் எந்தப் பலகை சாய்கிறது என்று தெரியும் என்று ஒரேயொரு முறை விளக்கம் சொன்னார்.

சடங்கு நடக்கும்போது நாங்கள் வேலிக்குப் பின்னால், இருபது அடி தள்ளி நிற்க வேண்டும். மண்வெட்டியில் சாயக்கூடாது. சிகரெட் கூடாது. கடைசி ஆள் வாசலைத் தாண்டிப் போகும்வரை ஒரு பிடி மண்கூடப் போடக்கூடாது. இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் டெர்மின், அதாவது முன்கூட்டியே குறித்த நேரம், வேண்டும், சாவு ஒன்றுதான் டெர்மின் எடுக்காமல் வருகிறது, அதற்குரிய மரியாதையைக் கொடுக்கத்தான் வேண்டும் என்று நான் ஒருநாள் பகிடியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, வேலி கத்தரித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று சிரித்தார்.

முதல் வருடத்திலேயே ஒரு பிழை விட்டேன். ஓர் அடக்கத்துக்குப் பிறகு, இறந்தவரின் மனைவி என்னையும் விடுதியில் நடக்கும் காப்பிக்கு அழைத்தார். வெண்ணெய்க் கேக் சாப்பிட்டேன், காப்பி குடித்தேன், யாரிடமும் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன். செத்தவீட்டில் போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது என்பது நமக்குப் பால்குடியிலேயே பழகிய விஷயம். அந்த அம்மாவுக்கோ மனம் நொந்துவிட்டது, தாம் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று நினைத்தார். ஹெர் ப்ரிங்க்மன் என்னிடம் காரணம் கேட்டார். எங்கள் பாஷையில் விடைபெறுவது என்றால் திரும்பி வருவேன் என்று சொல்வது, அந்த வீட்டுக்கு அப்படிச் சொல்ல ஏலாது என்று தட்டுத்தடுமாறி விளக்கினேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்கு நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எனக்காக ஒருவர் அப்படி நடந்து போனது இந்த நாட்டில் அதுவே முதல் தடவை. அதை நான் மறக்கவில்லை.

ஐந்து வருடத்துக்குப் பிறகு கிராமத்திலேயே வாடகைக்கு வீடு எடுத்தோம். குடிபோன அன்று பக்கத்து வீட்டு ஃப்ராவ் வெபர், புதுக்குடி வருபவர்களுக்குக் கொடுக்கும் இந்த நாட்டு வழக்கப்படி, பாணும் உப்பும் கொண்டுவந்தார். தனியாக இருந்த அம்மா. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, சிறுபிள்ளையாக, கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு தாயோடு கைவண்டி இழுத்துக்கொண்டு இந்தக் கிராமத்துக்கு வந்தவர். கல்யாணம் கட்டி முப்பது வருடம் ஆன பிறகும் கடைத்தெருவில் தன்னை அகதிப் பெட்டை என்றார்கள் என்று சிரித்துச் சிரித்துச் சொல்வார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அன்று வேலியருகில் நின்று, எனக்கு வலப்பக்கத்து வீடு உங்களுடையது, இனி நீங்கள்தான் என் முதல் அயலவன் என்றார். ஏதோ உபசாரம் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் எழுத வேண்டும். என் வேலை என்ன என்று நம்மவர் யாருக்கும் நான் சொல்லவில்லை. நகரசபையில் பூங்காப் பகுதி என்று நாகேஸ் சொல்லிவைத்திருந்தாள். சவக்காலையிலும் பூக்கன்று இருக்கிறதுதானே, அதனால் அது முழுப் பொய் இல்லை என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். எங்கள் தெருவின் கடைசி வீட்டைச் சிவபாலன் அண்ணை வாங்கி வந்தபிறகு கஷ்டமாகிவிட்டது. நகரத்தில் இருக்கும் நம்மவர் கோயிலின் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர், நல்ல மனிதர். அவருடைய கார் சவக்காலைப் பக்கம் வந்தால் நான் வேலிக்குப் பின்னால் குந்திவிடுவேன். போகிற வருகிற ஜெர்மன்காரர் என்னைப்போல மும்முரமாகப் புல்லுப் பிடுங்குபவனைக் கண்டதில்லை என்று ஹெர் ப்ரிங்க்மனிடம் மெச்சியிருக்கிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த பதினோராம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஃப்ராவ் வெபர் இறந்துபோனார். அம்புலன்ஸ் வந்ததைத் தெரு முழுவதும் பார்த்தது. நான் வேலைக்குப் போய், பின்னேரம் திரும்பி வந்தேன். ஒரு வீட்டிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. அவரைச் சித்தி என்று கூப்பிடும், பிரேமன் நகரத்திலிருந்து வந்த பெறாமகள் மட்டும் தனியே முன்னறையில் இருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஐம்பது அறுபது வருடம் பக்கத்தில் வாழ்ந்த மனிசிக்கு ஒரு பூங்கொத்துக்கூட இல்லையே, இவர்கள் என்ன மனிதர்கள் என்று நாகேஸிடம் திட்டித் தீர்த்தேன். புதன்கிழமை காலையில் ஹெர் ப்ரிங்க்மனிடமும் அதையே சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்து, "நீங்கள் வீடு வீடாகப் போனீர்களா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. நாங்கள் குடிவந்த பிறகு எங்கள் தெருவில் விழுந்த முதல் சாவு அது. அன்று அவர் நாற்பது வசனத்துக்கும் மேலே பேசினார். இந்தக் கிராமத்தில் சாவை வீட்டுக்காரர் சொல்வதில்லை. முதல் அயலவன் கறுப்பு உடுப்புப் போட்டு, நடந்து, ஒவ்வொரு வாசலுக்கும் போய்ச் சொல்ல வேண்டும். யார், எப்போது, அடக்கம் எப்போது, இந்த மூன்றும் போதும். தொலைபேசி கூடாது. அதுவரை, அம்புலன்ஸைக் கண்ணால் கண்டிருந்தாலும் யாருக்கும் எதுவும் தெரியாது என்பதுதான் முறை. பெட்டியைத் தூக்க ஆறு பேரையும் அவனே அந்தத் தெருவின் இருபத்திரண்டு வீட்டிலிருந்து சேர்க்க வேண்டும், அந்த ஆறில் அவனும் ஒருவன். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "அவர்கள் நேற்றிலிருந்து ஜன்னலுக்குப் பின்னால் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்" என்றார்.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் நான் உடனே போகவில்லை. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது நாகேஸ் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"என்னப்பா, இழவு சொல்லவோ போறியள்?"

எங்கள் ஊரில் இழவு சொல்வதற்கென்று ஒரு குடும்பத்தை வைத்திருந்தார்கள். வைத்திருந்தார்கள் என்று எழுதத்தான் கை போகிறது, வைத்திருந்தோம் என்பதே சரி. அதில் செய்தி கொண்டுவருபவருக்கு மார்க்கண்டு என்று பெயர். என் அப்பாவைவிட மூத்தவர். அப்பா அவரை டேய் என்பார், பத்து வயதுப் பொடியனாக இருந்த நானும் நீ என்றுதான் கூப்பிட்டேன். அவர் வெயிலில் நடந்து வந்து, படலைக்கு வெளியே நின்று, சால்வையை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு செய்தி சொல்வார். வேலியில் அவருக்கென்று செருகியிருந்த தகரப் பேணியில் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். உள்ளே வா என்று யாரும் சொன்னதில்லை. குழி வெட்டுவதை வெளியில் சொல்லாமல் ஒளித்த எனக்கு, இப்போது வாசல் வாசலாகப் போய் நிற்க வேண்டும் என்றதும் உடம்பு கூசியது.

வியாழக்கிழமை விடிந்ததும் பெறாமகள் வேலியருகில் வந்து நின்றாள். நாளை அடக்கம், தூக்க ஆறு அயலவர் பெயரை இன்று மத்தியானத்துக்குள் கொடுக்காவிட்டால் இறுதிச் சடங்கு நிறுவனத்தார் கூலிக்கு ஆட்களைக் கொண்டுவருவார்களாம் என்றாள். அது பெரிய விஷயமில்லைத்தான், ஆனால் சித்தி எழுதிவைத்தது ஒரேயொரு வரி, அதனால்தான் கேட்கிறேன் என்று ஒரு துண்டுக் கடிதத்தைக் காட்டினாள். கூலிக்கு வருபவர்கள் என்னைத் தூக்க வேண்டாம், என் அயலவர்கள் தூக்கட்டும் என்று எழுதியிருந்தது. கைவண்டி இழுத்து வந்த அகதிப் பிள்ளைக்கு இந்த ஊரிடம் கேட்க இருந்தது அது ஒன்றுதான். அதற்கும் நான் தடையாக நிற்கிறேன். உள்ளே போய்க் கறுப்பு உடுப்பை எடுத்துப் போட்டேன்.

முதல் வீட்டில் மணியை அடித்துவிட்டு, என்னை அறியாமலே நாலடி பின்னால் போய்ப் படலையடியில் நின்றேன். கதவைத் திறந்த பேக்கரிக்காரர் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்தார். நான் வாயைத் திறக்க முதல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சாவை நின்றுகொண்டு கேட்பது மரியாதையில்லையாம். சமையலறை மேசையில் என்னை இருத்தி, தானும் இருந்து, மனைவியையும் கூப்பிட்டு இருத்திய பிறகுதான் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒரு சின்னக் கிளாஸில் தானியச் சாராயம் ஊற்றி வைத்தார். செய்தி கொண்டுவந்தவனை வெறும் வாயோடு அனுப்பக்கூடாதாம். குடிக்காதவன் நான், மரியாதைக்காக விழுங்கிவிட்டு இருமினேன். மூன்றாம் வீட்டிலிருந்து காப்பி கேட்டேன். பத்தாம் வீட்டிலிருந்து வெறும் தண்ணீர் கேட்டேன்.

எந்த வீடு என்று சரியாக நினைவில்லை, ஒரு வீட்டில் அந்தத் தண்ணீர்க் கிளாஸ் என் முன்னால் இருந்தபோது மார்க்கண்டருடைய பேணி கண்முன்னே வந்தது. அழுதேன். வீட்டுக்காரர் நான் ஃப்ராவ் வெபருக்காக அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டினார். எத்தனை செத்தவீட்டுக்கு அந்த மனிதர் நடந்திருப்பார். ஒரு கதிரை கொடுத்தோமா? பிறகு ஊரிலுள்ள தங்கையிடம் தொலைபேசியில் கேட்டேன். இடப்பெயர்வு நேரத்தில் காலமாகிவிட்டார் என்றாள். அவருக்கு இழவு சொல்ல யார் போனார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

ஆட்களைச் சேர்ப்பது நினைத்ததுபோல இருக்கவில்லை. பாதி வீடுகளில் முதுகு நோவுக்காரர்கள், மற்றப் பாதியில் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டவர்கள். என்னைத் தவிர ஐந்து பேர் வேண்டும். பேக்கரிக்காரரின் மகன், மாடு வளர்க்கும் ஒருவர், ஓர் ஆசிரியர், முழங்கால் நோவோடு நான் வருவேன் என்று அடம்பிடித்த எழுபது வயதுக்காரர் ஒருவர், ஆக நாலு பேர் கிடைத்தார்கள். மிச்சம் இருந்தது ஒரு வீடு. சிவபாலன் அண்ணையின் வீடு.

கதவைத் திறந்தவர் என் கறுப்பு உடுப்பைப் பார்த்து, ஊரிலே யாருக்கும் ஏதுமோ என்று பதறினார். பக்கத்து அம்மா செத்துப்போனா என்று சொன்னேன். அதை ஏன் நீர் வந்து சொல்லுறீர் என்று கேட்டார். நான்தான் முதல் அயலவன் என்றேன். பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"அண்ணை, நான் பூங்காவிலை இல்லை. இந்தச் சவக்காலையிலைதான் வேலை. குழி வெட்டுறனான்."

அவர் என் கறுப்பு உடுப்பை இன்னொருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"அதுதானோ நான் வரேக்கை வேலிக்குப் பின்னாலை ஒளிக்கிறனீர்? நான் நினைச்சன், என்னோடை ஏதோ கோவம் எண்டு."

உள்ளே கூப்பிட்டு இருத்தினார். அவருடைய மனைவி தேத்தண்ணி வைத்தார். தூக்க ஓர் ஆள் குறைகிறது என்று சொன்னேன். அவர் சங்கடப்பட்டார். கோயிலில் கொடியேறி மூன்றாம் நாள், அவர் விரதம், சனிக்கிழமைத் திருவிழா அவருடைய உபயம். பிணத்தின் பெட்டியைத் தொட்டால் துடக்கு, கோயிலுக்குள் போக ஏலாது. வருடம் முழுக்கக் காத்திருந்த திருவிழா அது. குறை நினைக்காதையும் தம்பி என்றார். நினைக்கவில்லை. அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மத்தியானம் பெறாமகளிடம் ஐந்து பெயரைக் கொடுத்தேன். ஆறாவது ஆளைச் சடங்கு நிறுவனத்தார் அனுப்புவதாக முடிவாயிற்று. சித்தி கோபிக்கமாட்டா என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை, சவக்காலை மண்டபத்தின் முன்னால் ஐந்து பேரும் நின்றோம். வந்திருந்த சனத்துக்கு உள்ளே இடம் போதவில்லை. இருபத்திரண்டு வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். கூலிக்கு வந்த ஆள் வெள்ளைக் கையுறைகளை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். மணி அடிக்கத் தொடங்கியது. அப்போது மேட்டுத் தெருவால் ஒருவர் அரக்கப்பரக்க நடந்து வந்தார். மகனின் கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டு. நெற்றியில் திருநீறு அழித்த தடம். சிவபாலன் அண்ணை அந்த ஆளிடம் போய்க் கையை நீட்டி, கையுறையை வாங்கிப் போட்டுக்கொண்டார். நான் திகைத்துப்போய், உபயம் என்ன மாதிரி என்று கேட்டேன்.

"என்ரை தம்பியைச் செய்யச் சொல்லியிட்டன். கொடி வாற வருசமும் ஏறும். இந்த மனிசி ஒருக்காத்தானே போறா. எந்தப் பக்கம் பிடிக்கவேணும், சொல்லும்."

என் பின்னால் வலப்பக்கத்தைக் காட்டினேன். தூக்கினோம். நான் வெட்டிய குழி, நான் வைத்த பலகை, ஆனால் கயிற்றைப் பிடித்து இறக்கும்போது அதன் பாரம் எனக்குப் புதிதாக இருந்தது. வழக்கப்படி ஆறு பேரும் கையுறைகளைக் கழற்றிக் குழிக்குள் போட்டோம். சனம் கலையத் தொடங்கியதும் என் கால்கள் பழக்கத்தில் வேலிப்பக்கம் போயின. அங்கே ஹெர் ப்ரிங்க்மன் நின்றார். பொறுப்பாளர், ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தவர், ரப்பர் சப்பாத்தும் வேலை உடுப்புமாக, என்னுடைய மண்வெட்டியோடு நின்றார்.

"இன்றைக்கு நீங்கள் அயலவர். மண்ணை நான் பார்க்கிறேன். காப்பி ஆறிவிடும், போங்கள்" என்றார்.

நன்றிகூடச் சொல்லாமல் விடுதிப் பக்கம் திரும்பினேன். இன்றுவரை அவருக்கு அதைச் சரியாகச் சொன்னதில்லை. இங்கேயாவது சொல்லிக்கொள்கிறேன்.

விடுதிக்குப் போகும் வழி சவக்காலையின் தெற்கு மதிலோரமாகப் போகிறது. சிவபாலன் அண்ணை என்னோடு நடந்து வந்தார். கையுறையையும் மீறிக் கயிறு உரஞ்சிய உள்ளங்கையை அடிக்கடி பார்த்தார். முன்னால் பேக்கரிக்காரரின் மகனும் ஆசிரியரும் முழங்கால் நோவுக்காரரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். அண்ணை அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மதிலுக்கு உள்ளே, சவக்காலையின் மரத்தடியில் வெறுமையாகக் கிடந்த புல்தரையைக் காட்டி, அந்த இடம் யாருடையது என்று கேட்டார். இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்றேன்.

"பிள்ளையள் எல்லாம் இஞ்சைதான். எனக்கும் அதிலை ஒரு இடம் தருவினமோ?"

"தருவினம் அண்ணை. ஆனா நாங்கள் எரிக்கிற ஆக்கள். சாம்பலைத்தானே வைக்கிறது, அதைத் தூக்க ஒரு ஆள் காணும், ஆறு பேர் தேவையில்லை."

அவர் நின்றுவிட்டார். முன்னால் போகிறவர்களைக் கையால் காட்டினார்.

"காணாது, தம்பி. ஆறு பேரும் வரவேணும்."